கேனிஸ்டரை இப்போதே வாங்கிவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கான திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் காருக்கு வருவோம், அதுதான் அவசரம்.

பெட்ரோல் வாடை வருகிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0442 என்ற பிழை எண் வந்தது என்று எழுதியிருந்தாய். உடனே கேனிஸ்டரை, அதாவது டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவை, மாற்றச் சொன்னார்களா? பொறு. அந்த எண்ணுக்கு அர்த்தம், சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சமமான கசிவு அந்த ஆவி போகும் வழியில் எங்கேயோ இருக்கிறது என்பதுதான். எங்கே என்று அது சொல்லாது. இத்தனை வயதான வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் ரப்பர் மேல்தான்.

வாடை எப்போது வருகிறது என்று கவனி. டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் வந்தால், பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு சேர்க்கும் தடித்த ஹோஸ், அதன் பக்கத்தில் ஓடும் சின்ன ஹோஸ், டேங்கின் மேல்பக்க இணைப்புகள், இவற்றில் ஒன்று. பானெட் பக்கம் வந்தால், கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வும் அதன் இரு பக்க ஹோஸ்களும். இரண்டுக்கும் முன்னால் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துவிடு, வெடித்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

ஹோஸை மேலாகப் பார்த்து நல்லா இருக்கு என்று விட்டுவிடாதே. வளைவில் விரலால் மடக்கிப் பார், கிளாம்ப்பைத் தளர்த்தி அதன் அடியில் பார். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இன்ஜின் சூட்டில் கிடந்தது அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆவியில் ஊறியது கொழகொழவென்று உப்பியிருக்கும். இரண்டுமே குப்பைக்குத்தான். கழற்றும்போது பிடித்து இழுக்காதே, வால்வின் பிளாஸ்டிக் மூக்கு உடைந்து கையோடு வரும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடு, மூக்கில் கீறல் விழாமல்.

புதிதாக வாங்கும் ஹோஸில் 30ஆர்7 என்ற பெட்ரோல் ஹோஸ் தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பார். சாதா வேக்கம் ஹோஸ் பெட்ரோல் ஆவிக்குத் தாங்காது. உள்விட்டத்தைப் பழைய ஹோஸில் அளக்காதே, அது உப்பியிருக்கும். மூக்கை அளந்து வாங்கு. நீளமும் பழைய அளவே. மிச்சம் விட்டால் நடுவில் தொங்கி, அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி வழியை அடைக்கும். பாஸ்கரன் டேப் சுற்றச் சொல்வான். அவன் யோசனையைக் கேட்டு நாம் பட்டது போதாதா?

பர்ஜ் வால்வைச் சோதிப்பது சுலபம். மின்சாரம் இல்லாதபோது ஊதினால் காற்று போகக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று திறக்க வேண்டும். திறந்தே மாட்டிக்கொண்டால், பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கேனிஸ்டருக்கு வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வு இதற்கு நேர்மாறு, சும்மா இருக்கும்போது திறந்திருக்கும். அதன் வழி தூசியில் அடைத்தால், பங்கில் டேங்க் நிரம்பாமலேயே பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி அடிக்கடி நின்றுபோகும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, உள்ளே புகையைச் செலுத்தி அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனைதான் வழி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, டா. கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் விடவே கூடாது. இந்த அமைப்பு 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் சோதிக்க வேண்டியது. அதைத் தாண்டினால் இருக்கும் நல்ல இணைப்பும் பிய்ந்துவிடும். அதைவிட மோசம், பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும். நைட்ரஜன் போன்ற வாயுவை வைத்துச் செய்பவரிடமே கொடு. எங்காவது ஈரமாகப் பெட்ரோல் தெரிந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், வண்டியை எடுக்காதே.

கேனிஸ்டரைக் குறை சொல்லலாம், எப்போது? கழற்றிச் சாய்த்தால் பெட்ரோல் வழிய வேண்டும், அல்லது பர்ஜ் ஹோஸில் கரித்துகள் இருக்க வேண்டும். துப்பாக்கி நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஊற்றச் சொல்வாயே, அதன் பலன் இது. துகள் இருந்தால் குழாயையும் சுத்தம் செய்தபின் புது வால்வைப் போடு, இல்லாவிட்டால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடித்து ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்ததும் இன்ஜின் விளக்கு அணைந்துவிட்டது என்று குதிக்காதே. பல வண்டிகளில் வண்டி தானாகவே செய்துகொள்ளும் கசிவுச் சோதனை, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஓடும். அரை டேங்க்கோடு சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கேனரில் என்ன வந்தது என்று எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
மணி