அப்பா போன ஊரு

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்க கூட்டுகாரிக்க அம்மை கேட்டத நீ போன்ல சொன்னப்போ நான் பேச்ச மாத்திட்டேன், உனக்கு வெளங்கியிருக்கும். "உங்கட அப்பா ஆர்மியெண்டா யாழ்ப்பாணம் வந்தவரோ"ன்னு அவங்க கேட்டாங்க, நீ தெரியாதுன்னு சொல்லிட்ட. அது முழுப்பொய்யும் இல்ல, நம்ம வீட்டுல அத யாரும் பேசினதே இல்லல்லா.

போயிருந்தாரு. 1987 நவம்பர்ல, இலங்கைக்கு போன இந்திய அமைதிப்படையில வண்டி டிரைவரா, நீ எனக்க வயித்துல மூணு மாசம். லெட்டர்ல கேர் ஆஃப் 56 ஏபிஓன்னு பட்டாள தபாலாபீஸ் நம்பர் மட்டும்தான் இருக்கும், எந்த ஊருன்னு தெரியாது, உள்ள பாத்தா நலம், நலமறிய ஆவல், ரப்பர் ஷீட்டுக்கு இப்ப என்ன விலை, அவ்வளவுதான். பேப்பர்ல வாற சாவுக் கணக்க உங்க தாத்தா சத்தமா வாசிப்பாரு, நான் அடுக்களைக்கு போயிருவேன். 1990 மார்ச்சுல கடைசி கப்பலும் வந்துச்சு. சுமார் 1200 பேரு திரும்பி வரல. சென்னையில எறங்குன பட்டாளத்த வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகல, அண்ணைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, நாட்டுக்காக போனவன இப்படியா நடத்துவாங்கன்னு.

இந்த வருஷம்தான் வாசிக்க ஆரம்பிச்சேன். சின்ன மாமாக்க மோன் சென்னை புத்தகக் கண்காட்சியில இருந்து கொஞ்சம் புக் கொண்டு வந்தான். ஆபிசர்மார் இங்கிலீஷ்ல எழுதினத அவன்தான் வாசிச்சு சொன்னான், எந்த பிரிகேடு எந்த ரோட்டுல போச்சுன்னு பக்கம் பக்கமா இருக்கு, டிரைவர்மார் ஒருத்தரும் கெடையாது, வண்டி தானா ஓடும் போல. 'முறிந்த பனை'ய நானே வாசிச்சேன். யாழ்ப்பாணம் யுனிவர்சிட்டியில பாடம் எடுத்த நாலு பேரு எழுதினது, புலி, இந்தியப் பட்டாளம், சிங்கள ராணுவம் யாரையும் விடல. எழுதினதுல ஒருத்தி ராஜினி திராணகம, டாக்டர், ரெண்டு பொம்பளப் பிள்ளையளுக்கு அம்மை, 1989 செப்டம்பர் 21ல சைக்கிள்ல வீட்டுக்கு போற வழியில சுட்டுட்டானுவ. ரெண்டு நாளு நான் புக்க தொடல.

அப்புறம் 1987 அக்டோபர் 21, தீபாவளி, யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம பட்டாளம் புகுந்து சுட்டது. டாக்டரு, நர்ஸு, படுக்கையில கிடந்த நோயாளின்னு எழுவது பேரு கிட்ட. தேதிய நான் ரெண்டு தடவ பாத்தேன் மக்களே. அப்பா போனது நவம்பர்தானேன்னு விரல் விட்டு எண்ணினேன். அப்படி எண்ணினது எனக்கே வெக்கமா இருந்துச்சு.

ரோட்டுக்கு அடியிலயும் ஓடைப்பாலத்துக்கு அடியிலயும் கண்ணிவெடி வச்சு வண்டியள தூக்குனத வாசிச்சப்போதான் இன்னொண்ணு வெளங்குச்சு. நீ சின்னதா இருக்கப்போ தக்கலை ரோட்டுல பைப்புக்கு குழி தோண்டி மூடியிருந்தா போதும், புது மண்ண கண்டதும் அப்பா ஸ்கூட்டர திருப்பி நாலு மைல் சுத்திப் போவாரு, நீயும் நானும் பின்னால இருந்து சிரிப்போம், கிறுக்குன்னு.

புக்க நான் ஒளிச்சு வைக்கல. ஒருநாள் அப்பா கண்ணாடிய போட்டுட்டு பெரட்டுனாரு. யாழ்ப்பாணத்துப் பக்கம் உள்ள உரும்பிராய்ங்கற ஊருப் பேருல விரல வச்சிட்டு, "செம்மண்ணு. வாழத்தோட்டம். கிணத்தடி. நம்ம ஊருதான்னு தோணும்"ன்னாரு. நான் சாயா போடுற மாதிரி நின்னுட்டே கேட்டேன், ஆளப் பாத்தா பேச்சு நின்னுருமே.

அவரு யூனிட்டுல தமிழ் தெரிஞ்சவங்க கொறவாம், அதனால டிரைவர செக்போஸ்ட்டுல நிப்பாட்டி பேசச் சொல்லுவாங்களாம். ஒரு வயசான அம்மை வந்திருக்கா, மோன பிடிச்சு வச்சிருக்காங்க. "விடச் சொல்லு தம்பி, நீயும் தமிழன்தானே"ன்னு கேட்டிருக்கா.

"நான் மலையாளின்னு சொல்லிட்டேன்"ன்னாரு. "நம்ம பேச்சுதான் அப்படி இருக்குமே, அவளும் நம்பிட்டா."

மெட்ராஸ்ல நம்மள எவனாவது மலையாளின்னு சொன்னா சண்டைக்கு போற மனுஷன். அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்டேன். பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, உனக்க கூட்டுகாரிக்க அம்மைக்கு எந்த ஊருன்னு அவரு என்கிட்ட கேட்டாரு. நாம போன்ல பேசினது காதுல விழுந்திருக்கு. உரும்பிராய்க்கு அடுத்தாப்புல உள்ள கோப்பாய் பக்கம்னு நீ சொன்னத சொன்னேன்.

வெட்டோத்திய எடுத்துட்டு பின்னால போனாரு, ஒரு ஏத்தங்குலைய வெட்டிட்டு வந்து திண்ணையில வச்சாரு. இன்னும் பத்து நாளு நிக்க வேண்டிய குல. "சிப்ஸ் போட்டு அனுப்பு, அவளுக்கு மட்டும் இல்ல, அந்த அம்மைக்கும்"ன்னாரு. ரெண்டு கிலோ வந்துச்சு, தேங்கா எண்ணெயில போட்டது, நாளைக்கு கொரியர் குடுக்கேன்.

ரெண்டு கவர்ல வச்சிருக்கேன். பெரிய கவர் அவங்களுக்கு. யாரு தந்ததுன்னு கேட்டா எங்க அப்பா, 87ல அங்க இருந்தவருன்னு சொல்லு. அவங்க வாங்கினாலும் சரி, திருப்பித் தந்தாலும் சரி, என்ன நடந்துச்சோ அத அப்படியே எனக்கு எழுது. அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு நான் பாத்துக்கிடுதேன்.

அம்மை