பில்லில் இருக்கும் விவரம் சம்மரியில் இல்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியின் மருத்துவ ஆவணத்தைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடிங் வேலைவாய்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறியீடுகளை மனப்பாடம் செய்தால் கைநிறையச் சம்பளம் என்கிற தோரணை எனக்கு ஒப்பவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி ஆவணங்களுக்குக் குறியீடு போடும் நிறுவனம் ஒன்றில், கோடர்கள் போட்ட குறியீடு சரியா என்று பார்க்கும் ஆடிட்டராக இருக்கிறேன். குறியீட்டைத் தேடித் தரக் கணினி இருக்கிறது. டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், எதை எழுதாமல் விட்டிருக்கிறார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது, இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) நோயாளியின் சார்ட்டைக் கையில் எடுத்தால் தெரிந்துவிடும்.

நோயாளிக்குக் கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்றும் ஃபுரோசிமைடு ஊசி நரம்பு வழியே போகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், அதாவது ஈஎஃப் (இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு), 25 சதவீதம். டாக்டரோ இதயச் செயலிழப்பைக் குறிக்கும் 'சிஎச்எஃப்' என்ற சுருக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "அதுதான் எக்கோவிலேயே இருக்கிறதே" என்று சிஸ்டாலிக் வகைக் (இதயம் சுருங்கித் தள்ளும் திறன் குறைந்த வகை) குறியீட்டைப் போட்டுவிடுவார்கள். போடக் கூடாது. எக்கோவைப் படித்து நோயைத் தீர்மானிக்கக் கோடருக்கு உரிமை கிடையாது. டாக்டர் எழுதாதவரை அது ஐ50.9, வகை குறிப்பிடாத செயலிழப்பு. விளக்கம் வேண்டுமென்றால் அவருக்குக் குவெரி, அதாவது எழுத்து மூலம் கேள்வி, அனுப்ப வேண்டும். அதிலும் 'இது சிஸ்டாலிக்தானே டாக்டர்?' என்று பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஆவணத்தில் உள்ள அறிகுறிகளையும் அளவுகளையும் காட்டி, 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்பவற்றையும் சேர்த்துத் தெரிவுகளைக் கொடுக்க வேண்டும். 'நாள்பட்ட சிஸ்டாலிக் செயலிழப்பு, இப்போது தீவிரமடைந்துள்ளது' என்று பதில் வந்தால் ஐ50.23. கூடவே ரத்தக் கொதிப்பும் இருந்தால், ரத்தக் கொதிப்போடு சேர்ந்த செயலிழப்புக்கான ஐ11.0 முதலில் வர வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதாதவரை சம்பந்தம் உண்டு என்றே விதி கொள்கிறது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் இந்த இடத்தில் கோட்டை விடுபவர்கள் ஏராளம்.

அமெரிக்க டாக்டர்கள் நோயாளி மேல் உள்ள பாசத்தில் இப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் காசுதான். 1983இல் மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் திட்டம், உள்நோயாளி சிகிச்சைக்கு நோய்த் தொகுப்பின்படி இன்ன தொகை என்று வரையறுத்தது. வேறு நோய்க்காகச் சேர்ந்தவருக்கு நாள்பட்ட சிஸ்டாலிக் செயலிழப்பும் இருந்தால் தொகை ஒரு படி ஏறலாம். தீவிர வகை என்றால் இன்னும் ஏறலாம். ஆதாரம் இல்லாமல் ஏற்றி எழுதினால் வழக்கு. பணமும் பயமும் சேர்ந்து எழுத வைக்கின்றன. எப்படியோ, அடுத்து பார்க்கும் டாக்டருக்கு முழு விவரம் கிடைத்துவிடுகிறது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தென்மாவட்ட நகரம் ஒன்றில், தனியார் மருத்துவமனையில் என் மாமனார் சேர்க்கப்பட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் என்ற இடத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'சிசிஎஃப், டிஎம், எச்டிஎன்'. அதாவது இதயச் செயலிழப்பு, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு. பில்லைப் பார்த்தேன். கையுறை எத்தனை ஜோடி, பஞ்சு எவ்வளவு என்பது வரை வரி வரியாக இருந்தது. எக்கோ கட்டணமும் இருந்தது. அந்த எக்கோவில் என்ன தெரிந்தது என்பதுதான் சம்மரியில் எங்குமே இல்லை. பிறகு சென்னையில் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போது ஈஎஃப் எவ்வளவு?" இப்போதுள்ள 35, முன்பிருந்த 25லிருந்து தேறி வந்ததா, 50லிருந்து சரிந்ததா என்று தெரியாமல் மருந்து பலித்ததா இல்லையா என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஈஎஃப் 40 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பயன் நிரூபிக்கப்பட்ட மருந்து வகைகள் நான்கு இருக்கின்றன. 50க்கு மேல் உள்ளவர்களுக்கு அவற்றில் பலவற்றுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. இரண்டு பேருக்கும் 'சிசிஎஃப்' என்று ஒரே பெயர் சூட்டி அனுப்பினால் எப்படி?

நம் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 2013இல் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் விவரத்தைப் பதிவேடாகத் தொகுத்தார்கள். 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூலகாரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு என்பது அதில்தான் தெரிய வந்தது. காரணத்தை எழுதி வைத்ததால் எண்ண முடிந்தது.

அரசு மருத்துவமனை டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வார்டு நிரம்பி வழியும்போது பக்கம் பக்கமாக யார் எழுதுவது? அமெரிக்காவைப் போலக் குறியீடும் குவெரியும் இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். தீவிரமா நாள்பட்டதா, ஈஎஃப் எவ்வளவு, மூலகாரணம் என்ன, வீடு திரும்பும் நாளில் எடை எத்தனை கிலோ என்று நான்கு காலியிடங்கள். எடை எதற்கு என்றால், சில நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று வீட்டில் இருப்பவர்களே கண்டுகொள்ளலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அரசு மருத்துவமனைகளில் இது நடந்துவிடும். தனியார் மருத்துவமனைகளில் எக்கோ தாளின் நகலைக் கேட்டு வாங்காமல் யாரும் பில் கட்டிவிட்டு வராதீர்கள்.

மரணச் சான்றிதழிலும் இதே அலட்சியம்தான். மரணக் காரணத்துக்கான படிவம் 4இலேயே, இதயச் செயலிழப்பு போன்று உயிர் பிரிந்த விதத்தை எழுதாமல், மரணத்துக்குக் காரணமான நோயை எழுத வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு நேராகவே 'இதயச் செயலிழப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பால் இறந்தவரும், சிறுவயது வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டு இறந்தவரும் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, மருத்துவமனையில் இறந்தவரின் மரணக் காரணச் சான்றிதழ் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் யாராவது ஒருவர் அதை வாங்கிப் படியுங்கள். முதல் கோட்டில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதிவிட்டு, அதன் கீழே மூலகாரணத்துக்கான கோட்டைக் காலியாக விட்டிருந்தால், நிரப்பித் தரும்படி அங்கேயே டாக்டரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் ஆடிட்டர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.
(பெயர் வெளியிட வேண்டாம்)