கர்ப்பால் சிங்குக்கு அரை வரிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டு அரசியலில் சீக்கியர்கள் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். கனடா, பிரிட்டன் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எங்கள் கர்ப்பால் சிங்குக்கு மட்டும் அரை வரி: "தேச நிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட்ட மலேசிய எதிர்க்கட்சிக்காரர்." ஒருவேளை தலைப்பாகை கட்டிய படமாகத் தேடியிருப்பீர்களோ என்னவோ, அவர் பெரும்பாலும் வெறுந்தலையோடு, கிராப் வெட்டித்தான் இருப்பார்.

முதலில் அந்த வழக்கு. 2009இல் பேராக் மாநிலத்தில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதால், அங்கே நடந்துகொண்டிருந்த எதிர்க்கட்சிக் கூட்டணியின் மாநில ஆட்சி கவிழ்ந்தது. மந்திரி புசாரை (மாநில முதல்வரை) நீக்கிய சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று கர்ப்பால் சொன்னார். அவ்வளவுதான். அந்தச் சுல்தானே ஒரு காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர், அதுதான் வேடிக்கை. 2010இல் விடுதலை, அப்புறம் அரசுத் தரப்பு மேல்முறையீடு, கடைசியில் 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த மாதம் 4,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) அபராதம். 2,000 வெள்ளி அபராதம் என்றாலே எம்.பி. பதவி போய்விடும். மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் பதவி தப்பியது.

கர்ப்பால் பினாங்கில் ஒரு காவலாளியின் மகனாக 1940இல் பிறந்த வழக்கறிஞர். ஜெலுத்தோங் தொகுதியில் 1978 முதல் 1999 வரை, பிறகு 2004 முதல் புக்கிட் குளுகோரில் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) எம்.பி. 'ஜெலுத்தோங் புலி' என்ற பெயர் வந்த கதையைத் தமிழர்கள் நாம் ரசிக்கலாம். நாடாளுமன்றத்தில் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவோடு வாக்குவாதம். நீங்கள் சிங்கமாக இருந்துகொள்ளுங்கள், மலேசியாவில் சிங்கமே கிடையாது, அதனால் நான் புலி என்றாராம் இந்த சிங்.

1987இல் லாலாங் நடவடிக்கை என்ற கூட்டக் கைதில், விசாரணையின்றி அடைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். தடுப்புக் காவல் ஆணையில் இருந்த ஒரு குற்றச்சாட்டு தவறானது என்று சொல்லி 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுவித்தது, சில மணி நேரத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். 1989 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அப்போது அந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர், பிற்பாடு எதிரணித் தலைவரான அன்வார் இப்ராகிம். பின்னாளில் அதே அன்வாருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவரும் இவர்தான். 2007இல் மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பின் தலைவர்களை இசாவில் அடைத்தபோதும் அவர்களுக்காக வழக்காடினார்.

2005இல் அவர் ஏறி வந்த டாக்சியைப் பின்னால் வந்த கார் மோதியதிலிருந்து சக்கர நாற்காலிதான். 2008 தேர்தல் செராமா (பிரசாரக் கூட்டம்) ஒன்றில் நான் பார்த்தேன். நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மேடையில் வைத்தார்கள், மைக்கை வேறொருவர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் வரத் தாமதமாகும். ஆனாலும் சத்தம் போடாமல் காத்திருந்த கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன், பக்கத்தில் கச்சான் விற்றவர்கூட விற்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. கோபக்காரர், அவையில் இடைநீக்கமெல்லாம் வாங்கியவர். இஸ்லாமிய அரசு என்ற பேச்சு வந்தால் கூட்டணிக் கட்சி என்றும் பார்க்காமல் எதிர்ப்பார், அதனால் எதிரணிக்குத் தலைவலி. கட்சி தாவலை யார் செய்தாலும் தப்பு என்று அன்வாரையே வெளிப்படையாகக் கடிந்தார். அந்த விஷயத்தில் நான் கர்ப்பால் பக்கம். கட்சி தாவலுக்கு எதிராக அரசியல் சட்டத்தைத் திருத்த 2022 ஆகிவிட்டது.

2014 ஏப்ரல் 17 விடியற்காலை, ஒரு வழக்குக்காகப் பினாங்கு போகும் வழியில், கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் இறந்தார். நீண்டகால உதவியாளரும் அவரோடு போனார். இறக்கும்போதும் எம்.பி.தான். குடும்பம் வழக்கை விடவில்லை. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை 1,800 வெள்ளியாகக் குறைத்ததே தவிர தீர்ப்பை மாற்றவில்லை. 2019இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

ஆகவே 'தண்டிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அரை வரி போதும்.

இப்படிக்கு,
பினாங்கு வாசகர் ஒருவர்