முன்னால் நிற்கும் ஆள் மாறும்போது

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "பிள்ளை குரலே சரியில்லைங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடை சாத்தி, சாப்பிட்டு முடித்து, காலை நீட்டிக்கொண்டு பொறுமையாகப் படி.

ஏழு வருடம் சேர்ந்து கடை நடத்திய தோழி விலகிப் போவது சின்ன விஷயம் இல்லை, கண்ணு. அவள் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, போகிறாள். அவள் மேலும் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை. ஆனாலும் வலிக்கும். நாங்கள் ஆஸ்திரேலியாவில் உன் ஊர் பெர்த்துக்கு வந்திருந்தபோது உங்கள் இருவரையும் பார்த்தேனே. நீ பின்னால் அடுப்படியில், அவள் முன்னால் கல்லாவில். அவள் வாசலைப் பார்த்து வணக்கம் சொல்கிற குரலை வைத்தே வந்திருப்பது யார் என்று உனக்குத் தெரிந்துவிடும். ஆர்டர் சீட்டு உன் கைக்கு வருவதற்குள் கல்லில் மாவை ஊற்றியிருப்பாய். அந்தப் பழக்கம் காசு கொடுத்து வாங்குகிற சாமான் இல்லை.

"இனிமேல் யாரோடும் கூட்டு வேண்டாம்பா, தனியாவே பார்த்துக்கிறேன்" என்றாய். அப்புறம், "அந்தப் புதுப் பொண்ணு இவளை மாதிரி இல்ல" என்று மூன்று தடவை சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்குச் சீனத்துப் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆட்டக்காரர் ஃபூ ஹைஃபெங் ஞாபகம் வந்தது.

அந்தப் பெயர் உனக்கு மறந்திருக்காது. 2016 ஆகஸ்ட், ரியோ ஒலிம்பிக். நீ ஊரை விட்டுப் போவதற்கு முன்பு நாம் சேர்ந்து பார்த்த கடைசிப் பெரிய ஆட்டம். நம் தாமான் (குடியிருப்பு) முக்கில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றோம். பூப்பந்து ஆண்கள் இரட்டையர் இறுதி. நம் மலேசியாவுக்கு கோ வி ஷெம், தான் வீ கியோங். எதிரில் சீனாவின் ஃபூ ஹைஃபெங், ஜாங் நான். குழுச் சுற்றில் அதே ஜோடியை நம் பையன்கள் ஜெயித்திருந்தார்கள், அதனால் கடை முழுக்க நம்பிக்கை. முதல் செட் 21-16 நமக்கு. இரண்டாவது 21-11 அவர்களுக்கு. மூன்றாவதில் வெற்றிப் புள்ளி வரைக்கும் வந்துவிட்டோம். ஒரே ஒரு பந்து. அது கிடைக்கவில்லை. 23-21.

கடையே அமைதியானது. உன் தே தாரிக், அந்தப் பால் டீ, தொடாமல் ஆறிக் கிடந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளுக்கு நம்ம மேல என்னப்பா கோபம்?" என்று கேட்டாய். கேட்டதில் நியாயம் இருந்தது. 2010-இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டி இறுதியில் நம் கூ கியன் கியட், தான் பூன் ஹியோங் ஜோடியைத் தோற்கடித்தது அவர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடி அதே ஜோடியைத் தோற்கடித்ததும் அவர்தான். அப்புறம் ரியோ. நாடு இன்னும் காத்துக்கொண்டிருக்கிற அந்த முதல் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பக்கத்தில் நம் ஜோடிகள் போனபோது இந்த மனுஷன் குறுக்கே நின்றார்.

அன்று எனக்கும் கோபம். இப்போது அவர் ஆட்டத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

அவர் 1983-இல் தென்சீனாவில், குவாங்டோங் மாகாணத்து ஜியேயாங்கில் பிறந்தவர். உன்னைப் போல இடக்கைக்காரர். 2005-இல் பெய்ஜிங்கில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியில் அவர் அடித்த ஒரு ஸ்மாஷை, மேலிருந்து ஓங்கி அடிக்கிற அடியை, அளந்தார்கள். மணிக்கு 332 கிலோமீட்டர். அன்றைக்கு உலகத்தில் அதுதான் அதிக வேகம். ஐந்து கிராம் எடையுள்ள ஒரு இறகுப் பந்து அந்த வேகத்தில் முகத்துக்கு நேரே வருவதை நினைத்துப் பார். வயசோ அப்போது 21.

ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் ஸ்மாஷ் சும்மா கிடைத்துவிடாது. எதிராளி பந்தைத் தூக்கிக் கொடுத்தால்தான் பின்னால் இருப்பவன் அடிக்க முடியும். அப்படித் தூக்க வைப்பது வலையோரத்தில் நிற்கிறவனின் வேலை. ஃபூவின் முதல் ஜோடி சாய் யுன் அதைச் செய்தார். ஃபூவை விட மூன்றரை வயது மூத்தவர், சுசோவ்காரர், துருதுருவென்று இருப்பார். பின்னாலிருந்து ஃபூ அடிப்பார், பந்து எப்படியோ திரும்பி வரும், வலையைத் தாண்டுவதற்குள் சாய் அதைத் தட்டிக் கீழே போட்டுவிடுவார். கூட்டம் ஃபூவின் பெயரைச் சொல்லிக் கத்தும். ஆட்டம் தெரிந்தவர்கள் சாய் யுன்னின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் கடையிலும் உன் தோசையைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். சாப்பிட வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தது யார் என்று உனக்குத் தெரியும்.

இருவரும் பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து ஆடினார்கள். 2004 ஏதன்ஸில் பதக்கம் இல்லை. 2006 மட்ரிட்டில் முதல் உலகப் பட்டம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், சொந்த நாடு, சொந்த ஜனம், இறுதி ஆட்டம், முதல் செட்டை 21-12 என்று வாங்கியும் விட்டார்கள். அதற்குப் பிறகு இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோவும் ஹெந்த்ரா செத்தியவானும் எழுந்து நின்றார்கள். 21-11, 21-16. வெள்ளிப் பதக்கத்தைச் சொந்த ஜனத்துக்கு முன்னால் கழுத்தில் வாங்கிக்கொள்வது எப்படி இருந்திருக்கும்!

அங்கேயே கசந்து பிரிந்திருக்கலாம். பிரியவில்லை. மறு வருடம் ஹைதராபாத்தில் உலகப் போட்டி, கொரியாவின் ஜுங் ஜே சுங், லீ யோங் டே ஜோடியோடு இறுதி. கடைசி செட் 28-26. எண்ணிப் பார், 21-இல் முடிய வேண்டிய செட். அடுத்து 2010 பாரிஸ், 2011 லண்டன். ஆக நான்கு உலகப் பட்டம். பிறகு 2012 லண்டன் ஒலிம்பிக், இறுதியில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகென்சன் எதிரில், 21-16, 21-15. சீனாவுக்கு ஆண்கள் இரட்டையரில் அதற்கு முன் ஒலிம்பிக் தங்கமே கிடையாது. அதை வாங்கிக் கொடுத்தது இந்த ஜோடிதான்.

சரி, இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. என் மனதில் நின்றது அதற்குப் பிறகு நடந்தது.

தங்கம் வாங்கியபோது சாய் யுன்னுக்கு 32 வயது. வலையோரத்தில் ஆடுகிறவனுக்குக் கால்தான் முதலில் சொல்லும். ஜோடி மெல்லக் கலைந்தது. ஃபூ எல்லாம் பார்த்துவிட்டார், வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. ரியோவுக்குச் சுமார் இரண்டு வருடம் முன்பு ஜாங் நானோடு சேர்ந்தார். பெய்ஜிங் பையன், ஆறரை வயது இளையவன். அவனும் சும்மா ஆள் இல்லை. ஜாவ் யுன்லெய்யோடு கலப்பு இரட்டையரில் லண்டன் தங்கம் வாங்கியவன். கலப்பு இரட்டையரில் பெரும்பாலும் பெண் வலையோரத்தைப் பார்த்துக்கொள்வாள், ஆண் பின்னால் ஓடி அடிப்பான். பின்னால் அடித்துப் பழகிய அந்தப் பையன் இப்போது ஃபூவுக்கு முன்னால் வலையோரத்தில் அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. ஃபூவும் பத்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய முதுகுக்குப் பதிலாக வேறொரு முதுகைப் பார்த்து ஆட வேண்டியிருந்தது.

போன மாதம் அந்த ரியோ ஆட்டத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். இந்தத் தடவை நம் பையன்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்தையே பார்த்தேன். புள்ளி வந்தாலும் போனாலும் இருவரும் திரும்பி ஒருவர் கையை ஒருவர் தொட்டுக்கொள்கிறார்கள். 33 வயதை எட்டப்போகிறவர் 26 வயதுப் பையனின் கையைத் தட்டிவிட்டுப் போய்த் தன் இடத்தில் நிற்கிறார். ஜாங் நான் சாய் யுன்னைப் போல ஆடவில்லை, அவன் காலும் வேறு, கையும் வேறு. ஃபூ தன் ஆட்டத்தை அவனுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆண்கள் இரட்டையரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர். இரண்டும் வேறு வேறு ஜோடியோடு.

இதை நான் ஏன் இவ்வளவு தேடிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். இது வரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை.

நானும் வாத்தியார் மாமாவும் பதினெட்டு வருடம் தாமான் மண்டபத்தில் ஆடினோம். செவ்வாயும் வெள்ளியும். நீ சின்னப் பிள்ளையாக மண்டப வாசலில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாய். மாமா ஆட்டத்துக்கு முன்னால் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பந்துக் குழலின் மூடியைத் திறந்து ஆவியில் காட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? பதினாறு வாத்து இறகு, காய்ந்திருந்தால் நாலு அடியில் முறிந்துவிடும். ஆவி பட்ட பந்தை விரலால் ஒரு சுழற்று சுழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். அந்த ஈர இறகு வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆடும்போது அவர் வாயே திறக்க மாட்டார். நடுவில் வருகிற பந்துக்கு அவர் அரை அடி பின்வாங்கினால் அது எனக்கு. அவ்வளவுதான் பேச்சு.

அவருக்கு மூட்டு மாற்றிய பிறகு சிரம்பானில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ரேக்கெட்டை ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். மண்டபத்திலிருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். "ஜோடி இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடம். உன்னிடம் "வயசாச்சு, மூச்சு வாங்குது" என்று சொன்னது உண்மை இல்லை கண்ணு. வேறு ஒருவனோடு நின்றால் மாமாவுக்கு ஏதோ துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. இதை மாமாவிடம் போனில் சொன்னபோது, "ஆறு வருஷத்தை வீணாக்கிட்டியே" என்று அவர் வருத்தப்பட்டார்.

மார்ச் மாதம் நம் வீட்டுக்கு கேஸ் கொண்டுவருகிற தம்பி கதவுக்குப் பின்னால் ரேக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வெள்ளிக்கிழமை வாங்களேன்" என்றான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். போனேன்.

பிடியில் சுற்றியிருந்த துணி உதிர்ந்து கையெல்லாம் தூளாக ஒட்டியது. அந்தப் பையன் ஓயாமல் கத்துகிறான். "உங்களுது! என்னுது! விடுங்க அங்கிள்!" முதல் இரண்டு வாரம் எனக்கு அது காதில் இடி மாதிரி இருந்தது. நான் மாமாவின் அரை அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு அது எப்படித் தெரியும்? நடுவில் இரண்டு பேர் ரேக்கெட்டும் மோதி அவன் ரேக்கெட் விரிசல் விட்டது. நான் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். மூன்றாவது வாரம் நானே அவனிடம், "சத்தமாவே சொல்லு தம்பி, எனக்குக் காது பழகிக்கும்" என்றேன். இப்போது அவன் "விடுங்க!" என்றால் விட்டுவிடுகிறேன். விட்ட பந்தை அவன் பார்த்துக்கொள்கிறான். போன வெள்ளி ஒரு செட் ஜெயித்தோம், 21-18.

உன் கடைக்கு வருகிறேன். அந்தப் பெண் சீட்டு எழுதாமல் போனிலேயே ஆர்டர் வாங்குகிறாள், வந்தவர்களிடம் அதிகம் பேச மாட்டேன் என்கிறாள், சாமான் அடுக்குகிற முறையை மாற்றுகிறாள் என்றெல்லாம் சொன்னாய். கணக்கு சரியாக இருக்கிறதா? காலையில் நேரத்துக்கு வருகிறாளா? வருகிறாள் என்று நீயே சொன்னாய். அப்படியானால் ஒரு மூன்று மாதம் அவள் போக்கில் விட்டுப் பார். சீட்டுக்குப் பதில் திரையில் வந்தால் திரையைப் பார்த்து மாவை ஊற்று. அவளுக்கு எது தெரிய வேண்டுமோ அதை வாய் விட்டுச் சொல். ஏழு வருடமாக நீ சொல்லாமலே நடந்ததெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? தோழியோடும் பேசுவதை நிறுத்தாதே. நான் ஒவ்வொரு செவ்வாயும் ஆட்டம் முடிந்து வந்து மாமாவுக்குப் போன் போட்டு, யார் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிக்கிறேன். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

தனியாகப் பார்த்துக்கொள்ள உன்னால் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும். ஆனால் அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் நாள் முழுக்க ஓடிவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து பேச ஆளில்லாமல் நீ படுப்பதை நினைத்தால் எனக்கும் அம்மாவுக்கும் தூக்கம் வரவில்லை.

அம்மா மசாலாத் தூள் அரைத்து வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சல் போடுகிறேன். ஒரு பொட்டலம் கூடுதலாக இருக்கும், அது அந்தப் பெண்ணுக்கு. மேலே எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தபோதுதான் கவனித்தேன், இரண்டு மாதமாக அவளைப் பற்றிப் பேசுகிறாய், பெயரை மட்டும் நீ சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது சொல்.

அன்புடன்,
அப்பா
ஈப்போ