கட்டடத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும்: உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களே, நகர்மன்ற, ஊராட்சித் தலைவர்களே, ஆணையர்களே, மன்ற உறுப்பினர்களே,

வணக்கம்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு உங்கள் அலுவலகத்தின் பெரிய கூடத்துக்குப் போய்ச் சுவிட்ச் போர்டு முன்னால் நின்று பாருங்கள். வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். சன்னலோர மேசைகளுக்கு விளக்கே தேவைப்படாது. ஆனாலும் அந்த விளக்குகளை மட்டும் தனியாக அணைக்க முடியாது. சன்னலில் தொடங்கி உள்சுவர் வரை போகும் வரிசை முழுவதும் ஒரே சுவிட்சில் இருக்கும். உள்சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் மொத்த வரிசையும் நாள் முழுக்க எரியும். கட்டடம் கட்டியபோது வயர் இழுத்தவருக்கு அப்படி இழுப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அதற்கான மின்கட்டணத்தை நீங்கள் இருபது முப்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வரிசைகளைச் சன்னலுக்கு இணையாகப் பிரித்து வயரிங்கை மாற்ற ஒரு எலக்ட்ரீஷியனும் ஓர் உதவியாளரும் போதும். ஒரு கூடத்துக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. அந்த வேலையை வெளிநாட்டில் செய்து கப்பலில் கொண்டுவந்து இறக்க முடியாது. உங்கள் ஊர்க்காரர்தான் ஏணி வைத்து ஏறியாக வேண்டும்.

நான் பல வருடங்களாகக் கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை, அதாவது மின்சாரமும் குளிரும் எங்கே வீணாகின்றன என்று அளந்து பார்க்கும் வேலை, செய்கிறவன். மீட்டரும் வெப்பக் கேமராவும் டார்ச்சும்தான் என் தொழில் கருவிகள். வேலை வேண்டும் என்று உங்கள் வாசலுக்கு வருகிற இளைஞர்களையும் பார்க்கிறேன், நீங்கள் ஆளும் கட்டடங்களில் செய்யப்படாமல் கிடக்கிற வேலையையும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து வைக்கிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை மாநில, தேசிய அரசுகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உலகம் பயன்படுத்தும் இறுதி எரிசக்தியில் (பயன்படுத்துவோர் கைக்கு வந்துசேரும் எரிசக்தியில்) ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை இயக்குவதற்கே செலவாகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், பொருளாதார மீட்சி குறித்து அதே முகமை ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய கட்டடங்களைச் சீரமைப்பதற்கும் புதிய கட்டடங்களில் எரிசக்திச் சிக்கனத்துக்கும் செலவிடும் ஒவ்வொரு 10 லட்சம் டாலரும் 9 முதல் 30 வரையிலான வேலைகளை உருவாக்கும் என்றது அந்த அறிக்கை. ஒன்பது எங்கே, முப்பது எங்கே! பணம் பொருளுக்குப் போகிறதா, ஆளுக்குப் போகிறதா என்பது இந்த இடைவெளியில் பெரும்பங்கு வகிக்கிறது என்று என் அனுபவம் சொல்கிறது. லட்சம் எல்.இ.டி. பல்புகள் வாங்கி மாட்டினால் மின்சாரம் மிச்சமாகும், நல்லதுதான். ஆனால் பல்பு எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகிறது, அதை மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்பு போடுவது, சன்னல் சட்டங்களின் இடுக்குகளை அடைப்பது, ஏ.சி. குழாய்களின் கசிவை நிறுத்துவது, பழைய வயரிங்கைப் பிரிப்பது எல்லாம் அப்படியில்லை. செலவில் பெரும்பகுதி கூலியாக உள்ளூரிலேயே தங்கும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பொதுக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் ‘கூலிங் பத்தல’ என்று பல மாதமாகப் புகார். பெரிய ஏ.சி. இயந்திரம் வாங்கக் கோப்பு தயாராகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே நீட்டினேன். மேலே குளிர்காற்று வீசியது! காற்றுக் குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஆளில்லாத சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளியைத்தான் அந்த இயந்திரம் இத்தனை நாளாகக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் திருகாணியும் அடைப்புப் பசையும் தடுப்பு உறையும் கொண்டுவந்து அரை நாளில் சரிசெய்தார்கள். புகார் நின்றது, கோப்பும் மூடப்பட்டது. இப்படி எத்தனை கட்டடங்கள், எத்தனை சீலிங்குகள்!

அமெரிக்காவின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைச் சீரமைத்தபோது அதிலிருந்த 6,514 சன்னல்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டு, கண்ணாடிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, நடுவே வெப்பத்தைத் தடுக்கும் படலம் வைத்து, வாயு நிரப்பி, மறுபடியும் மாட்டினார்கள். அது தனியார் கட்டடம்தான். ஆனாலும் பொருள் வாங்கும் செலவைத் தொழிலாளர் கூலியாக மாற்றுவது எப்படி என்று அறிய நான் அடிக்கடி சுட்டுகிற உதாரணம் அது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகராட்சி 1995லிருந்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நகராட்சியின் எரிசக்திப் பிரிவு ஒரு நிதியை வைத்துக்கொண்டு, பள்ளி, நீச்சல்குளம், அலுவலகம் என்று அதே நகராட்சியின் மற்ற துறைகளுக்குச் சீரமைப்புச் செலவைக் கொடுக்கிறது. சீரமைப்பால் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைச் செலவு ஈடாகும் வரை அந்தத் துறை நிதிக்குத் திருப்பிச் செலுத்துகிறது. திரும்பி வந்த பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. வங்கியும் இடைத்தரகரும் இல்லாமல் ஒரே நகராட்சிக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல் அது. நம் ஊர்களில் பல இடங்களில் என்ன நடக்கிறது? ஒரு துறை கஷ்டப்பட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் அடுத்த ஆண்டு அந்தத் துறையின் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுகிறார்கள். மிச்சம் பிடித்தவருக்கு அதுதான் பரிசு என்றால் யார் மறுபடி மிச்சம் பிடிப்பார்கள்? தயவுசெய்து, மிச்சமான பணம் மீண்டும் கட்டடத்துக்கே போகும்படி ஒரு தீர்மானம் போடுங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் தொடங்குவது எளிது. நடுவில் நிற்காமல் நடப்பதுதான் வேலைவாய்ப்பைத் தரும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் உள்ளாட்சி அமைப்புக்காக இருபது பேருக்கு நான் பயிற்சி கொடுத்தேன். கசிவு கண்டுபிடிப்பது, வெப்பத் தடுப்பு போடுவது, மீட்டர் அளவு எடுப்பது எல்லாம் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு பெண் கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்து, அது ஆடும் விதத்தை வைத்தே காற்று எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று சொல்லிவிடுவார். பிறகு கருவி வைத்து அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். முதல் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த டெண்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஒருவழியாக வந்தபோது நான் எல்லோருக்கும் போன் செய்தேன். பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். “சார், நாலு மாசம் பாத்தேன். வீட்டு வாடகை காத்திருக்காது” என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இது அந்த ஊரில் மட்டும் நடந்ததில்லை. பிரிட்டனின் மத்திய அரசு 2020 செப்டம்பரில் வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்காக ‘கிரீன் ஹோம்ஸ் கிரான்ட்’ என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 150 கோடி பவுண்டு, இலக்கு 6 லட்சம் வீடுகள். விண்ணப்பங்கள் தேங்கின, ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தாமதமானது. மறு மார்ச் மாதத்திலேயே கதவை மூடினார்கள். கடைசியில் 50 ஆயிரம் வீடுகளைக்கூட எட்டவில்லை. ஆறு மாதத் திட்டத்தை நம்பி எந்த ஒப்பந்ததாரர் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, வண்டி வாங்குவார்?

அதே நாட்டில் கிர்க்லீஸ் என்ற உள்ளாட்சி மன்றம் 2007 முதல் 2010 வரை வேறு மாதிரி செய்தது. விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் தங்கள் பகுதியின் ஒவ்வொரு தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார்கள். தகுதியான வீடுகளுக்குக் கூரையிலும் இரட்டைச் சுவர்களின் இடைவெளியிலும் வெப்பத் தடுப்பை இலவசமாகப் போட்டார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. தெருத் தெருவாகப் போகும்போது பொருளும் ஆளும் அலைவது குறைகிறது. அடுத்த வாரம் எந்தத் தெரு, அடுத்த மாதம் எந்த வார்டு என்று தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிகிறது. தெருக்களின் பெயர்களும் வீட்டுக்காரர்களின் தயக்கமும் உள்ளாட்சிக்குத்தான் தெரியும். அதனால் இதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இல்லை.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009இல் நிதி நெருக்கடியைச் சமாளிக்க, வேலை கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு போடும் தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தால். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது, பின்னர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு 2014இல் அறிக்கை தந்தது. பயிற்சியும் மேற்பார்வையும் போதாமல் இருந்தது அங்கே அம்பலமானது. கூரைக்குள் அலுமினியத் தாளை விரித்து உலோகப் பின் அடிக்கும்போது அந்தப் பின் ஒரு வயரைத் துளைத்தால், தாள் முழுவதிலும் மின்சாரம் பாயும். இதை ஒரு தொழிலாளிக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். மெயின் சுவிட்சை அணைக்காமல் கூரைக்குள் யாரும் ஏறக்கூடாது, வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஏறவே கூடாது, தனி ஆளாக ஏறக்கூடாது. இந்த மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மீறினால் பில் நிற்கும் என்றும் எழுதுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்ற ஒரே அளவுகோலை வைத்தால், அந்தக் குறைவு கடைசியில் தொழிலாளியின் கூலியிலிருந்துதான் வரும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 2009இல் வீடுகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது ஒப்பந்ததாரர்கள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி ஓர் உடன்பாடு எழுதியது. வேலைக்கு எடுப்பவர்களில் 80 சதவீதம் உள்ளூர்க்காரர்கள், ஊதியம் மாநிலக் குறைந்தபட்சக் கூலியில் குறைந்தது 180 சதவீதம் என்பது அதன் இலக்கு. சீரமைப்புக்காக வாங்கிய கடனை வீட்டுக்காரர் தம் மாதாந்தர எரிசக்திக் கட்டணப் பில்லோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் கட்டினார். எண்கள் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறட்டும். ஆனால் டெண்டர் படிவத்தில் கூலிக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்க வேண்டும்.

தனியார் கட்டடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே உங்கள் ஆயுதம் சட்டமும் அனுமதியும். நியூயார்க் நகரம் பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் எரிசக்திப் பயன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டது. பத்து வருடம் கழித்து, 2019இல், அந்தக் கட்டடங்களின் பசுமைக்குடில் வாயு உமிழ்வுக்கு வரம்பு விதித்தது. அந்த வரம்பு 2024இல் நடைமுறைக்கு வந்தது, 2030இல் இன்னும் இறுகும். முதலில் அளவு, பிறகு அவகாசம், கடைசியில் வரம்பு. இந்த வரிசையால் கட்டட உரிமையாளர்கள் முன்கூட்டியே தணிக்கையாளரையும் ஃபிட்டரையும் தேடத் தொடங்குகிறார்கள். அதே நகரம் 2009இலிருந்து கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசும் திட்டத்தையும் நடத்துகிறது. வேலை தேடுகிறவர்களுக்குக் கூலியோடு பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே பூசுகிறார்கள். இதுவரை 1 கோடி சதுர அடிக்கு மேல் முடிந்திருக்கிறது. வெள்ளையடிக்கத் தெரிந்தவர் ஒருவருக்கு அங்கே சான்றிதழோடு ஒரு தொழில் தொடங்குகிறது.

என் வேண்டுகோளை எளிதாகவே வைக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்னால், உங்கள் அமைப்புக்குச் சொந்தமான ஒவ்வொரு கட்டடத்தின் மூன்று வருட மின்கட்டணப் பில்லையும் பரப்பளவையும் ஒரே பட்டியலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்தப் பட்டியலே இருக்காது. ஒரே மீட்டரில் மூன்று கட்டடம் இருக்கும், இடிக்கப்பட்ட கட்டடத்துக்கும் பில் வந்துகொண்டிருக்கும். அதைத் தோண்டி எடுக்க ஓர் ஆளை முழுநேரமாக நியமியுங்கள். பட்டியல் வந்ததும் சதுர அடிக்கு அதிகம் செலவாகும் கட்டடங்களை வரிசைப்படுத்தி, பத்து வருடத்துக்கான வேலை அட்டவணையாக மன்றத்தில் நிறைவேற்றுங்கள். அடுத்து யார் பதவிக்கு வந்தாலும் தொடரும்படி அது தீர்மானமாக இருக்கட்டும். அந்த அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

அப்படி ஓர் அட்டவணை ஒட்டப்பட்ட நாளில், கிடங்கில் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்வேன். முதல் கட்டடத்துக்கு அவருடன் நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை செய்யும் ஒருவன்