காலனியச் சட்டம் எங்கே ஒழிந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெக்காலே வரைந்த இந்திய தண்டனைச் சட்டத்தை (ஐ.பி.சி.) பற்றி, 'மெக்காலேயின் சட்டம் மண்ணோடு மண்ணாகிவிட்டது' என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். அதே இதழின் உள்பக்கத்தில், சென்ற மாதம் நடந்த கொலைக்கு '302-ஆவது பிரிவில் வழக்கு' என்று செய்தி. அது பழைய ஐ.பி.சி.யின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு. இன்றைய 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவதற்கு உரியது. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அந்தத் தேதிக்கு முந்தைய குற்றமென்றால், இன்று புகார் கொடுத்தாலும் ஐ.பி.சி.தான். உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் மனம் பொறுக்கவில்லை.

ஐ.பி.சி.யின் 511 பிரிவுகள் புதிய சட்டத்தில் 358 ஆனது உண்மை. ஆனால் 2022-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த 124-ஏ, ராஜத்துரோகம் என்ற பெயரை மட்டும் உதறிவிட்டு 152-ல் உட்கார்ந்திருக்கிறது. ஆயுள் தண்டனை இல்லையென்றால் 3 ஆண்டு வரை என்றிருந்தது, இப்போது 7 ஆண்டு வரை. அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் குற்றமில்லை என்ற விதிவிலக்கும் அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட, போலீஸ் காவலைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதாதது வருத்தம். முன்பு கைதான முதல் 15 நாளுக்குள் போலீஸ் காவல் கேட்க வேண்டும். தவறினால் நீதிமன்றக் காவல்தான், அதாவது சிறைதான். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவுப்படி, அதே 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாமீன் மனு வந்ததும் 'இன்னும் காவல் நாள் மிச்சமிருக்கிறது' என்று ஆட்சேபம் எழுகிறது. வெள்ளைக்காரன் காலத்து போலீஸுக்கும் இத்தனை வசதி இருந்ததில்லை.

நல்ல மாற்றங்களும் உண்டு. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்கிறது அதே நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு. ஆனால் அந்த வீடியோ சாட்சியமாக நிற்க, ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்ற அடையாளம்; ஃபைல் சற்று மாறினாலும் அதுவும் மாறிவிடும்) எழுதிய சான்றிதழ் வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். எடுத்த ஃபைலை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, ஹாஷ் மாறிவிடும். அப்புறம் சான்றிதழில் ஒரு மதிப்பு, கோர்ட்டில் கொடுத்த ஃபைலில் வேறொரு மதிப்பு. எதிர்த்தரப்புக்கு அதுவே போதும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. குற்றச் செய்திகளில் குற்றம் நடந்த தேதியைப் போடுங்கள். புதிய சட்டத்தில் வரும் வழக்கானால் புதிய பிரிவு எண்ணை எழுதி, பக்கத்திலேயே பழைய எண்ணையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், திருச்சி