ஊறல் தண்ணீரை ராத்திரியில் திறந்துவிடாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி டேனரி முதலாளிகளுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தோல் பதனிடும் உங்கள் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிற ஆபரேட்டர் எழுதுகிறேன். எந்த நிலையம், எந்த டேனரி என்பதெல்லாம் வேண்டாம்.

காலையில் ஏரேஷன் தொட்டியிலிருந்து, அதாவது காற்றை ஊதி, கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்க்கும் தொட்டியிலிருந்து, ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு அரைமணி நேரம் ஆடாமல் வைப்பேன். நல்ல நாளில் ஸ்லட்ஜ், அதாவது அந்தப் பாக்டீரியாக்கள் திரண்ட சேறு, காப்பித்தூள் நிறத்தில் அடியில் படியும். முகர்ந்தால் மழை பெய்த மண் வாசனை. போன ஐப்பசியில் ஒருநாள் ஜாடி தெளியவே இல்லை. மேலே வெள்ளை நுரை. கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் எகிறிக்கிடந்தது. உப்புத்தோலை ஊறவைத்த தண்ணீரை யாரோ வெயிலில் காயவைக்கும் சோலார் பேனுக்கு (பாத்திக்கு) அனுப்பாமல் ராத்திரியில் எங்கள் குழாயில் திறந்துவிட்டிருந்தார்கள்.

"பாக்டீரியாதானே, பழகிக்கும்" என்றார் ஒரு மேனேஜர்.

பழகும்தான். வெளியே உப்பு ஏறினால் செல்லிலிருந்து தண்ணீர் வடியும். உடனே அது பொட்டாசியத்தை உள்ளே இழுத்துச் சமாளிக்கும். பிறகு புரோலின், பீட்டெய்ன் போன்ற, செல்லுக்குக் கேடில்லாத சிறு மூலக்கூறுகளைச் சேர்த்துவைக்கும். இது ஒரு செல்லின் பாடு. தொட்டியே பழக வேண்டுமென்றால் தாங்காதது செத்து, தாங்கியது பெருகி இடத்தைப் பிடிக்க வேண்டும். குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும் என்பது ஆய்வகக் கணக்கு. அம்மோனியாவைத் தின்னும் எங்கள் ஜீவன்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அன்று செத்த தொட்டிக்குப் புதுப் பாக்டீரியா வர, சாணி கரைத்து ஊற்றி, வேறு நிலையத்து ஸ்லட்ஜை டேங்கரில் கொண்டுவந்து விட்டோம். ஜாடி தெளிய மூன்று வாரம்.

உப்புக்குப் பழகியது திடீரென்று நல்ல தண்ணீரைப் பார்த்தாலும் ஆபத்து: தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதிப்போகும், சேர்த்ததையெல்லாம் கொட்டினால்தான் பிழைக்கும்.

தோல் பதனிடப் போடும் குரோமுக்குப் பழகுவதில் எனக்கு வேறு பயம். குரோம் தனிமம், எந்தப் பாக்டீரியாவும் அதை இல்லாமல் ஆக்காது. உலோகத்தைத் தாங்கும் ஜீனும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் ஜீனும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் டி.என்.ஏ வளையத்தில், சேர்ந்து பயணம் போவதுண்டு. அந்த ஜீன்கள் தண்ணீரோடு வெளியே போனால் என்னாகும்? பாலாற்றங்கரைக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் டேனரிக் கழிவால் வந்த மாசு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நான் கேட்பதற்குக் காசே ஆகாது. மழையில் சோலார் பேன் நிரம்பி வழிந்தால் திறந்துவிடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள். சேகரிப்புத் தொட்டியில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறோம். ராத்திரி ஒரு மணியானாலும் ஷிப்டில் ஆள் உண்டு.

இப்படிக்கு,
ஒரு ஆபரேட்டர்